கிங் என்றால் ரிங்

பக்கவாதம் வந்து பேச்சு போன பிறகு என் வீட்டுக்காரர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை என் பெயர் இல்லை. எங்கள் மகன் பெயரும் இல்லை. தண்ணீர் என்றுகூட அவர் கேட்கவில்லை. மோதிரம் என்றார். அதுவும் இங்கிலீஷில்.

வாரத்துக்கு இரண்டு முறை வீட்டுக்கே வந்து பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒருத்தி இருந்தாள். நான் அவளைப் பேச்சு டீச்சர் என்றுதான் சொல்வேன். மகன் வயதுதான் இருக்கும், பொறுமைசாலி. ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் இவர் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து, சீப்பைத் தூக்கிக் காட்டி, "சார், இது சீப்பா? ஆமாவா, இல்லையா?" என்பாள். அப்புறம் கரண்டியைத் தூக்கிக் காட்டி, "இது சீப்பா?" என்பாள். இரண்டையும் இவர் ஒரே மாதிரிதான் பார்ப்பார். ஆமாவும் வராது, இல்லையும் வராது.

"ஆமா, இல்ல இந்த ரெண்டும் வந்துட்டாப் போதும்மா. மத்தது மெல்ல மெல்ல வந்துடும்" என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போவாள்.

ஒரு நாள் தமிழை ஓரமாக வைத்துவிட்டு, குழந்தைகளுக்கான படம் போட்ட அட்டைக் கட்டு ஒன்றைப் பையிலிருந்து எடுத்தாள். முதல் அட்டையில் கிரீடம் வைத்த ராஜா. "கிங்" என்றாள். இவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "ரிங்" என்றார்.

கொழகொழப்பே இல்லை. சுத்தமான, கணீரென்ற பள்ளிக்கூடக் குரல். நான் தைத்துக்கொண்டிருந்த கால்சட்டையோடு எழுந்து ஓடிவந்தேன், ஊசி எங்கே விழுந்தது என்றுகூடப் பார்க்கவில்லை. அவள் அடுத்த அட்டையை எடுத்து "மூன்" என்றாள், இவர் "ஸ்பூன்" என்றார். "மவுஸ்" என்றதற்கு "ஹவுஸ்" என்றார்.

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை என்று பிறகு புரிந்தது. வேலையில் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெறும் வரை இவர் ஒன்றாம் வகுப்புக்கு இங்கிலீஷ் வாத்தியார். இவர் ஒரு வார்த்தை சொன்னால், அதே ஓசையில் முடிகிற இன்னொரு வார்த்தையைப் பிள்ளைகள் கத்த வேண்டும். பிறகு இரண்டுக்கும் அர்த்தம் சொல்ல வேண்டும். ரைமிங் வேர்ட்ஸ் என்று பெயர். கடைத்தெருவில் இவரைப் பார்த்தால், மீசை முளைத்த பழைய மாணவர்கள்கூட வணக்கத்துக்குப் பதிலாக "கிங்" என்பார்கள். இவர் "ரிங்" என்று சொல்லிவிட்டு நடப்பார்.

கல்யாணமான புதிதில் நான்கூட, "எனக்கும் நாலு இங்கிலீஷ் வார்த்தை சொல்லிக் குடுங்களேன்" என்று கேட்டேன். "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?" என்றார். அன்று சாப்பாட்டில் உப்பு போடாமல் விட்டேன். அவரும் குறை சொல்லாமல் தின்று முடித்தார். எங்கள் வீட்டில் கொஞ்சல் குலாவல் எல்லாம் கிடையாது. சண்டைதான் எங்களுக்குப் பேச்சு. முக்கியமாக இந்த ஜன்னல். என் தையல் மெஷின் அதை ஒட்டித்தான் இருக்கிறது. பள்ளிச் சீருடை, கால்சட்டைக்குக் கீழ் மடிப்பு, பிய்ந்துபோன ஜிப் என்று தெருவில் பாதிப் பேர் துணி என்னிடம் வரும். காற்றடித்தால் நூலெல்லாம் பறக்கும் என்று நான் மூடுவேன், புழுங்குகிறது என்று அவர் திறப்பார். விடிந்ததும் அதில் ஆரம்பித்தால் மத்தியானம் வரை ஓடும்.

பேச்சு போன பிறகு நான் ஜன்னலை மூடினேன். ஒன்றும் சொல்லவில்லை. படாரென்று அறைந்து மூடிப் பார்த்தேன். அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. ஜெயித்துக்கொண்டே இருப்பது இவ்வளவு கொடுமை என்று எனக்கு அதற்கு முன்னால் தெரியாது.

அதனால்தான் அந்த அட்டைக் கட்டைப் பேச்சு டீச்சரிடம் கெஞ்சி வாங்கி வைத்துக்கொண்டேன். எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்கு வரும். அர்த்தம் தெரியாததற்கு, இவர் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்து போட்டிருந்த படம் போட்ட அகராதி அலமாரியில் இருந்தது. தினம் காலையில் முகம் துடைத்துவிட்டு, காப்பி கொடுத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து "கிங்" என்பேன். "ரிங்" வரும். அன்றைய பேச்சுக்குக் கடை திறந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு பகலெல்லாம் மெஷினை மிதித்துக்கொண்டே ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துப் போடுவேன்.

அவர் திருப்பிச் சொல்லும் வார்த்தையை நான் சும்மா விடவில்லை. பேச்சுக்கு ஏங்கிக் கிடந்தவள், ஒவ்வொரு வார்த்தைக்கும் அர்த்தம் பார்த்தேன். "ஹவுஸ்" என்று நான் சொன்ன ஒரு நாள் அவர் "மவுஸ்" என்றார். கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால் எல்லாம் விளக்குமாறோடு எலி தேடினேன். "ரெயின்" என்றால் மழை, அவர் "பெயின்" என்றார். வலியாம். எங்கே என்று சொல்லாததால் தலையிலிருந்து கால் வரை தைலம் தேய்த்துவிட்டேன். "நைட்" என்றேன், "டைட்" என்றார். தையற்காரிக்கு இதைவிடத் தெளிவாக யார் சொல்வார்கள்? அவருடைய கால்சட்டை இடுப்பு எல்லாவற்றையும் பிரித்து ஒரு இஞ்ச் விட்டுத் தைத்தேன். மறுநாள் அவரை எழுப்பி நிறுத்தியபோது ஒன்று நழுவியே விழுந்துவிட்டது. குளிருக்கான "கோல்ட்" சொன்னபோது "ஓல்ட்" என்றார். "யாரைக் கிழவிங்கறீங்க? கண்ணாடில உங்க மூஞ்சியப் பாத்தீங்களா?" என்று பிடித்துக்கொண்டேன். அன்றைக்குத்தான் ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு மத்தியானம், மெஷினில் நூல் கோத்துக்கொண்டே "ஃபோன்" என்று சொன்னேன். எலும்புக்கான இங்கிலீஷ் வார்த்தை வரும், இல்லையென்றால் "ஸ்டோன்" என்று கல் வரும். எனக்கு அந்த இரண்டும் தெரியும். அவர் ஜன்னலைப் பார்த்தபடி, "அலோன்" என்றார்.

இது எனக்குப் புது வார்த்தை. அகராதியில் தேடினேன், அதற்குப் படம் இல்லை. வெளியூரில் வேலை பார்க்கும் மகனைக் கூப்பிட்டேன்.

"டேய், அலோன்னா என்னடா?"

"தனியான்னு அர்த்தம்மா. ஏன், உனக்கு ஏதாவது..."

"எனக்கில்லடா. அப்பா சொன்னாரு."

"அப்பா பேசறாரா?" அவன் குரலே மாறிப்போனது.

"பேசறாரு. எங்கிட்ட நல்லாப் பேசறாரு" என்றேன். பொய் சொல்வதாக அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஃபோனை வைத்துவிட்டு அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். மரத்துப்போன அவருடைய வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவரிடம் நான் அப்படிப் பேசியதில்லை. "ஏங்க, நான் இருக்கறப்ப நீங்க எப்படித் தனியாவீங்க? எந்நேரமும் இங்கதானே உக்காந்திருக்கேன்" என்றேன். எனக்கும் பயமாக இருக்கிறது என்றேன். பகலில்கூட வீடு கும்மென்று கிடக்கிறது என்றேன். மனசில் கிடந்த எல்லாவற்றையும் அழுதுகொண்டே கொட்டினேன். அன்று துணி வாங்க வந்தவர்களை எல்லாம் நாளைக்கு வரச் சொல்லித் திருப்பி அனுப்பினேன்.

அடுத்த முறை பேச்சு டீச்சர் வந்ததும் வாசலிலேயே நிறுத்தி எல்லாம் சொன்னேன். எலியைப் பற்றிச் சொன்னபோது சிரித்தாள். அலோன் என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது. உள்ளே வந்து அவர் முன்னால் உட்கார்ந்து, மெதுவாக "ஃபோன்" என்றாள்.

"அலோன்" என்றார்.

என்னிடம் சொன்ன அதே குரல். அதே மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிய முகம். அவள் வேறு வார்த்தைகள் சொல்லிவிட்டு மறுபடி "ஃபோன்" என்றாள். மறுபடியும் அலோன். வாரத்துக்கு இரண்டு முறை வந்து போகிற ஒருத்திக்கும் அதே அலோன்.

"அம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க" என்று என் கையைப் பிடித்தாள். "வருஷக்கணக்காச் சொன்னதால பழக்கத்துல வருது. தூசி பட்டா கண்ணு தானா மூடுதில்ல, அந்த மாதிரி. நாம ஒண்ணு சொன்னாத்தான் அவருக்கு ஒண்ணு வரும். அவரா எதையும் ஆரம்பிக்க இன்னும் வரல. உள்ள எவ்வளவு புரியுதுன்னும் இப்பச் சொல்ல முடியாது."

"அப்ப எங்கிட்ட அவரு பேசவே இல்ல."

என் கையை மெல்ல விட்டாள். நல்ல பெண், பொய் சொல்ல வரவில்லை. சீப்பையும் கரண்டியையும் காட்டிவிட்டுப் புறப்பட்டுப் போனாள்.

அட்டைக் கட்டை அலமாரி உச்சியில் தூக்கிப் போட்டேன். மறுநாள் காலையில் முகம் துடைத்தேன், காப்பி கொடுத்தேன், எதிரில் உட்காரவில்லை. அதற்கு மறுநாளும் அப்படியே. எனக்கு அவர் மேல் கோபம் என்று சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் கோபம்தான். சுவரிடம் பேசி, சுவர் பதில் சொல்லிற்று என்று மகனுக்கு வேறு பெருமை அடித்திருக்கிறேன். கையைப் பிடித்துக்கொண்டு அழுததை நினைத்தால் வெட்கமாக இருந்தது. மகன் கூப்பிட்டு, "அப்பா இன்னிக்கு என்னம்மா சொன்னாரு?" என்றபோது, "தூங்கறாரு" என்று வைத்துவிட்டேன். அவர் கண் திறந்துதான் இருந்தது. ஆளே இல்லாத வீட்டில் தனியாக இருக்கலாம். ஆள் இருக்கிற வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை.

நாள் பூராவும் மெஷின் சத்தம் மட்டும்தான். ஜன்னலை இறுக்கி மூடி வைத்திருந்தேன்.

ஒரு நாள் காலை, ஒரு பையனின் சீருடைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தேன். காலை வெயில் கண்ணாடி வழியாக அவர் மடியில் விழுந்திருந்தது. நூலைப் பல்லால் கடித்தேன். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

"கிங்."

தெருவில் யாராவது பழைய மாணவன் போகிறானோ என்று எட்டிப் பார்த்தேன். ஜன்னல்தான் மூடியிருக்கிறதே. திரும்பினேன். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கை விரல்கள் நாற்காலிக் கையில் தட்டிக்கொண்டிருந்தன, பதில் தெரியாத பிள்ளைக்காகக் காத்திருக்கிற மாதிரி.

ஏதோ குளறியிருப்பார் என்று பட்டனை எடுத்தேன். ஒரு தடவை ஏமாந்தது போதாதா?

"கிங்" என்றார் மறுபடி. இந்த முறை கொஞ்சம் அதட்டல் இருந்தது.

பட்டனைக் கீழே வைத்தேன். "ரிங்" என்றேன்.

தலையை ஆட்டினார். சற்று நேரம் வாயைக் கோணிக் கோணி எதையோ தேடினார். தேடி எடுத்து, "மூன்" என்றார். நான் "ஸ்பூன்" என்றேன். மெஷினை விட்டு எழுந்து போய், பேச்சு டீச்சரின் முக்காலியில் உட்கார்ந்தேன். "மவுஸ்" என்றார். "ஹவுஸ்" என்றேன். கட்டிக்கொண்டவளுக்குச் சொல்லித்தர மாட்டேன் என்ற மனுஷன், பாதி வாய் இழுத்துக்கொண்ட பிறகு பாடம் நடத்துகிறார். ஒவ்வொரு வார்த்தைக்கும் அவர் நெற்றியில் வியர்வை பூத்தது. துடைக்கக் கை நீட்டினேன், தட்டிவிட்டார். வகுப்பில் விளையாட்டு கூடாது போல.

"ஃபோன்" என்றார்.

எனக்கு எலும்பும் தெரியும், கல்லும் தெரியும். அந்த இரண்டில் ஒன்றைச் சொல்லியிருக்கலாம். ஆனால் வாயில் வந்தது வேறு.

"அலோன்" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் என் குரல் என் காதில் விழுந்தது. பழக்கத்தில் வந்த வார்த்தை இல்லை அது. இத்தனை மாதமாக நீ எப்படி இருக்கிறாய் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. அவர் ஒரு வார்த்தையைப் போட்டுக் கேட்டார், நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். கண்ணீர் அதுபாட்டுக்கு வந்தது. தலை ஆட்டப் போகிறார், ஓசை சரியாக இருக்கிறது, அடுத்த வார்த்தைக்குப் போகப் போகிறார் என்று காத்திருந்தேன்.

அவர் தலையாட்டவில்லை. நாற்காலிக் கையில் தட்டிக்கொண்டிருந்த விரல்கள் நின்றுவிட்டன. என் முகத்தையே பார்த்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்தது, மூடியது, மறுபடி திறந்தது.

"நோ" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "ஏங்க, சரியாத்தானே சொன்னேன்? ஃபோன், அலோன். நீங்க சொன்னதுதானே?"

"நோ."

"ரைம் சரிதானே?"

அவர் இடது கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடியில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. "நோ" என்றார், மூன்றாம் முறையாக, மக்குப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி நிறுத்தி, அழுத்தி.

அதோடு விட்டுவிட நான் என்ன ஊமையா? "நான் தனி இல்லைங்கறீங்களா? நீங்க பாட்டுக்கு உக்காந்திருக்கீங்க, நான் பாட்டுக்குத் தைக்கறேன். அப்புறம் இது தனி இல்லாம என்ன?" என்று அழுதுகொண்டே கேட்டேன். அதற்கும் நோ. எங்கே, இல்லை என்று காட்டுங்கள் பார்க்கலாம் என்றேன். அவர் என் கையை விடவே இல்லை. துணி கேட்டு யாரோ கதவைத் தட்டினார்கள், போய்த் திறக்கவில்லை. வெகுநேரம் அவரோடு சண்டை போட்டேன். கடைசியில் அவர்தான் ஜெயித்தார். எழுந்து போய் ஜன்னலைத் திறந்து வைத்தேன்.