திருப்பித் தந்த ராணி

"அக்கா, முழிச்சிருக்கியா?"

"வெடிஞ்சா கொழுந்து பறிக்கப் பெரட்டுக்குப் போகணும்டி. தூங்கு."

"நான் ஒண்ணு செஞ்சுட்டேன்."

தயானி அக்கா சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "பையன் வெசயமா?"

"சீ! செஸ்."

"செஸ்ஸா? அதுக்கா இந்த நடுக்கம்?" என்று போர்வையை இழுத்துக்கொண்டாள். ஆனால் தூங்கவில்லை. நான் சொல்லத் தொடங்கினேன்.

இன்று பதுளையில், பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் அறையில், இன்டர்நெட் வழியாகப் போட்டி. என்னோடு ஆடியவள் குருநாகலில் இருக்கும் ஸவாஹிரா. முகம் தெரியாது, திரையில் பெயர் மட்டும். ஜெயித்தால் கொழும்புக்குப் போகும் குழுவில் எனக்கு இடம். எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து இதுவரை யாரும் அப்படிப் போனதில்லை.

இருபதாவது நகர்வில் ராணியை மூலைக்கு இழுத்தேன். மவுஸ் உருண்டையில் தூசி, பாதியில் சிக்கி நின்றுவிட்டது. ராணி சரியாக அவளுடைய குதிரை வெட்டுகிற கட்டத்தில் போய் உட்கார்ந்தது.

எங்களுக்குச் செஸ் சொல்லித்தரும் தர்மராசா சேர் யாழ்ப்பாணத்துக்காரர். அவருக்கு ஒரே சட்டம்தான். "தொட்டால் தொட்டதுதான். திருப்பிக் கேக்கிற ஆக்களுக்கு என்ர குழுவில இடமில்லை, விளங்குதோ?" அந்த நேரம் பார்த்து அவர் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார். நகர்வைத் திரும்பக் கேட்பதற்குத் திரையின் ஓரத்தில் ஒரு பட்டன் உண்டு. எதிரில் ஆடுபவர் சம்மதித்தால்தான் வேலை செய்யும். அழுத்திவிட்டேன்.

ராணியை வெட்ட அவளுக்கு ஒரு நொடி போதும். அவள் வெட்டவில்லை. யாரும் தொடாமலே என் ராணி பின்னால் நகர்ந்து, பழைய கட்டத்தில் போய் நின்றது.

"ஒடம்பெல்லாம் சிலுத்துப் போச்சுக்கா. எத்தன மலைக்கு அங்கிட்டு இருக்கா! நான் கறுப்பா செவப்பான்னுகூடத் தெரியாது. கேட்டேன், குடுத்துட்டா."

"அவளும் ஜெயிக்கத்தானே வந்திருப்பா?"

"அதான்க்கா!"

அக்கா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "அப்புறம்?"

அப்புறம் சேர் வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். கொஞ்ச நேரத்தில் ஸவாஹிராவுக்குக் கை தவறியது. கோட்டையை ஒரு கட்டம் முன்னதாகவே விட்டுவிட்டாள். அது கைத்தவறுதான் என்று பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது. உடனே என் திரையில் கேள்வி வந்தது. நகர்வைத் திரும்பக் கேட்கிறார், கொடுக்கலாமா?

"பாத்தியே, கேக்கிறா!" சேர் சிரித்தார். "குடுக்காதை பிள்ளை."

'இல்லை' என்பதை அழுத்தினேன். ஏழே நகர்வில் ஜெயித்தேன். நன்றாக ஆடினாய், நன்றி என்று அவள் ஆங்கிலத்தில் எழுதினாள். நான் முதலில் கேட்டதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. என் முதுகில் தட்டிக்கொண்டே சேர் அதைப் படித்தார்.

"நீ கேட்டது அவருக்குத் தெரியாதா?"

"தெரியாது. சொன்னா டீம்லருந்து தூக்கிருவாரு. கொழும்பும் போயிரும்."

அக்கா தலைமுடியை முடிந்துகொண்டே யோசித்தாள். "அந்தப் புள்ளைக்கும் ஒரு சேரு இருப்பாருல்ல? அவ ஒனக்குக் குடுக்கயில, அவரு பின்னால நிக்கலயா?"

அதை நான் நினைத்தே பார்க்கவில்லை. நின்றிருக்கலாம். 'கொடுக்காதே' என்று சொல்லியும் இருக்கலாம். அப்படியும் கொடுத்திருந்தால்? நினைக்க நினைக்க அவள் மலை மாதிரி பெரிதாகிக்கொண்டே போனாள். அந்த மலையின் அடியில் என் பயம் எங்கே கிடக்கிறது என்றுகூடத் தெரியவில்லை.

"நாளைக்குச் சொல்லிர்றேன்க்கா."

"அப்ப மொத பஸ்ஸுல போ. மத்த புள்ளைங்க வந்துட்டா ஒனக்கு வாயே வராது. என்னான்னு சொல்லுவ?"

"சேர், நான்தான் மொதல்ல கேட்டேன்."

"எனக்கே கேக்கல. சத்தமா."

மறுபடியும் சொன்னேன்.