கொம்பு விழுந்த சத்தம்

கல் உடைக்கும் பாறைமடையில் நான்கு வருடம் வெடி வைத்திருக்கிறேன். அந்த ஒரே தகுதியில், உலகத்தில் எங்கே குண்டு வெடித்தாலும் எங்கள் ஊர் குன்னத்துகாலில் அதற்கு விளக்கம் சொல்லுகிற பொறுப்பு என் தலையில் வந்து சேர்ந்தது. யாரும் கொடுக்கவில்லை, நானாக எடுத்துக்கொண்டேன். பெயர் சுயம்பு. இப்போது மரம் வெட்டும் இடத்தில் வடம் பிடிப்பது என் தொழில்.

அன்று விமலகுமாரி டீச்சர் வீட்டில் ஒரு அயினி மரம். அவருடைய புதுக் குளியலறையின், எங்கள் பேச்சில் குளிமுறியின், மேல் சாய்ந்து நின்றது. அடிமூட்டில் வெட்டித் தள்ள இடமில்லை. ஒவ்வொரு கொம்பாக வடத்தில் கட்டி இறக்க வேண்டும். மேலே ஏறுவது ராஜன், கீழே வடம் நான், கொம்பைப் பிக்கப்பில் ஏற்றுவது விபின். விபினுக்கு வேலை குறைவு, யூட்யூப் அதிகம்.

“அண்ணே, இப்போ ட்ரோணாக்கும் எல்லாம். ஒரு தேங்கா அளவு சாதனம், ஒரு டாங்கிய ஒடச்சுப் போட்டுருது” என்றான் விபின்.

“தேங்கா விழுந்தா ஒனக்க மண்டையும்தான் ஒடையும். அதுக்கு யூட்யூப் வேணுமா? வெடிமருந்துக்க அளவு இல்லடே காரியம், அத எங்க குழி போட்டு வைக்கோம்ங்கதுதான்” என்றேன்.

ராஜன் காலில் சாம்பலைத் தேய்த்துக்கொண்டிருந்தான். செவ்வெறும்புக்கு அதுதான் மருந்து. “குண்டு போடுதவனுக்கு வேல தெரியாதுண்ணே. நாம ஒரு கொம்பு வெட்டணும்ன்னா அது எங்க விழும்ன்னு அரமணிக்கூர் பாக்கோம். அவனுவளுக்கு ஒரு வடம் கெட்டத் தெரியுமா?”

“கொம்புக்க அடியில மொதல்ல வாளால ஒரு கீறல் போடு. இல்லன்னா நாரு உரிஞ்சு கொம்பு ஒனக்க நெஞ்சுக்கு வரும்” என்று நான் வேலைக்குத் திரும்பினேன். அவன் பேச்சு எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும்.

அவன் மனைவி பிந்து, சண்டை நடக்கிற ஹைஃபாவில் இருக்கிறாள். எண்பத்தாறு வயதுக் கிழவர் ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடவா வேண்டாமா என்று கேட்டிருக்கிறாள். அன்றைக்குள் ராஜன் பதில் சொல்ல வேண்டும்.

“அண்ணே, நெசமாட்டு அவளுக்கு ஒண்ணும் ஆவாதுல்லா? கேட்டா, தூரத்தில தீவாளி வெடி மாதிரி கேக்கும், அவ்வளவுதான்னு சொல்லுதா.”

“எலே மக்கா, நூறு ராக்கெட் வந்தா தொண்ணூற வானத்திலேயே புடிச்சிருவான். பாக்கி பத்து கடல்ல விழும். தைரியமா ஒப்புப் போடச் சொல்லு.”

அந்தத் தொண்ணூறு எங்கிருந்து வந்தது என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன். அவன் முகம் தெளிந்தது. மாலையில் சொல்லிவிடுகிறேன் என்று மெஷின் வாளோடு ஏறினான்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஏறுகிறவனின் போன் வடக்காரன் பையில் இருக்கும். வடம் பக்கத்துத் தென்னையில் மூன்று சுற்றுக்குக் குறையக்கூடாது. கொம்பு இறங்கும்வரை வடக்காரன் யார் கூப்பிட்டாலும் பேசக்கூடாது. இந்தச் சட்டமெல்லாம் போட்டவனே நான்தான். அன்று சாப்பாட்டுக்கு வந்த கப்பைக்கிழங்கும் சம்மந்தித் துவையலும் ஆறிக்கொண்டிருந்ததால், கொம்பு சீக்கிரம் வழுகி இறங்கட்டும் என்று ஒரு சுற்றைக் குறைத்திருந்தேன். மேலே வாள் ஓடிக்கொண்டிருக்கும்போது பையில் போன் அடித்தது. பிந்து, வீடியோ கால்.

புருஷன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறான் என்று அவளுக்குக் காட்டலாமே என்று எனக்குப் புத்தி போயிற்று. வடத்தின் வாலைக் குதிகாலில் மிதித்துக்கொண்டு போனை எடுத்தேன்.

“பிந்து, இன்னா பாரு ஒனக்க ஆள—”

கொம்பு முறிந்தது. வடம் என் குதிகாலைத் தீய்த்துக்கொண்டு ஓடிற்று. குளிமுறியின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை இரண்டாகப் பிளந்து, உள்ளே வாளி, குழாய் எல்லாம் நொறுங்கின. போன் மண்ணில் விழுந்தது.

“என்றெ குளிமுறி! என்றெ ஈஸ்வரா!” என்று டீச்சர் மலையாளத்தில் அலறினார். நல்லவேளை, உள்ளே யாரும் இல்லை.

அந்த அலறலுக்கு மேலே போனிலிருந்து பிந்து எங்களைப் பார்த்துக் கத்தினாள். “ஜன்னல் பக்கம் நிக்காதீங்க! உள்ளுக்குப் போங்க! செவரோட ஒட்டி இரிங்க! ரண்டாவது ஒண்ணு வரும், எந்திரிக்காதீங்க!”

போனைக் குனிந்து எடுத்தேன். வீடியோ காலில் எப்போதும் ஜன்னலின் பூப்போட்ட திரைக்கு முன்னால் நின்று சிரிப்பவள், கிழவரின் சக்கர நாற்காலியை உள்சுவரோடு சேர்த்துத் தள்ளி, அவர் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக் குனிந்திருந்தாள். பின்னால் அந்தப் பூத்திரை ஒதுங்கிக் கிடந்தது. ஜன்னலில் கண்ணாடி இல்லை, பிளைவுட் அடித்திருந்தார்கள். நான் அளந்த அந்தத் தொண்ணூறை நினைத்தேன். வெட்கமாக இருந்தது.

கொம்பு முறிந்ததும் வாளை அணைத்த ராஜன் மேலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். இடுப்புக் கயிற்றை அவிழ்த்து இறங்கி வந்து, என்னிடமிருந்து போனை வாங்கினான். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

“பிந்து, குண்டு இல்ல. கொம்பாக்கும். டீச்சருக்க குளிமுறி மேல விழுந்துட்டு. ஆருக்கும் ஒண்ணுமில்ல.”

அவள் நிமிர்ந்தாள். சிரிக்கப் பார்த்தாள். “பேடிச்சுப் போனேன். இங்கயும் ஒண்ணுமில்ல கேட்டீங்களா.”

“அந்த ஜன்னலுக்கு என்ன பற்றிச்சு?”

கிழவர் ஏதோ கேட்டார். அவள் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

“ரோட்டுக்கு அப்பறத்து வீட்டில விழுந்தது. போன மாசம்.”

“தீவாளி வெடின்னு சொன்ன?”

“பின்ன என்ன சொல்லச் சொல்லுதீங்க?” அவள் போனுக்குக் கிட்டே வந்தாள். “நீங்க நாள் முழுக்க மரத்து மேல நிக்குத ஆளு. இத மனசில வச்சுட்டு ஒரு கால் தெத்திப் போச்சுன்னா? நான் எப்பிடிச் சொல்லுவேன்?”

விபின் கூரைத் துண்டுகளைப் பொறுக்குவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தான்.

ராஜன் விழுந்த கொம்பின் மேல் உட்கார்ந்தான். செவ்வெறும்பு அவன் கையில் ஏறியது. தட்டிவிடவில்லை.

“இப்போ நான் தாழத்தான் இருக்கேன்” என்றான். “சொல்லு.”

அவள் சொல்லத் தொடங்கினாள்.