வேலியோரத்துச் சம்பந்தம்

எங்கள் ஊர்க் காடு தோட்டங்களில் மாட்டுக்காக வளர்க்கிற நேப்பியர் புல் எல்லாம் ஒரே ஆள். ஒரு காட்டில் தண்டைக் கரணையாக வெட்டி அடுத்த காட்டில் நட்டு, அங்கே வெட்டி இன்னொரு காட்டில் நட்டு வந்ததால் அப்படி. சௌகரியம்தான். ஒரு காட்டில் அவருக்கு வணக்கம் சொன்னால் எல்லாக் காட்டிலும் தலையாட்டுவார். பக்கத்துக் காட்டு நாச்சக்கா கோபத்தில் அவரை வைதுவிட்டால் ஊர் முழுக்க முகம் வாடி நிற்பார். ரேஷன் கார்டிலும் ஒரே பெயர்தான்.

எங்கள் காட்டில் மட்டும் அவர் இல்லை. கரணை வேண்டுமென்றால் பால் சொசைட்டி வாசலில் வாய்விட்டுக் கேட்க வேண்டும். நானும் போய் வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது தரையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பின்னால் இருந்தவர் வாங்கிக்கொண்டு போனார். அதனால் எங்கள் மாடு மயிலை, வேலியோரம் தானாக நிற்கும் கொழுக்கட்டைப் புல்லைத்தான் மேய்ந்தாள். மேய்ந்தால் புல்லுக்கு வலிக்காது, முடி வெட்டிக்கொள்வது போலத்தான். மயிலையின் பால் என் கைக்குழந்தை தாரணிக்கு. வேறு எந்தப் பாலைக் கொடுத்தாலும் அவள் கக்கிவிடுவாள்.

ஆடி மாதம் நேப்பியருக்கு உடம்பு சரியில்லாமல் போனது. முதலில் நாச்சக்கா காட்டில் இருமினார். உடனே எல்லாக் காட்டிலும் இருமினார். இலையில் புள்ளி புள்ளியாக வந்தது. சாயங்காலம் ஒரு காட்டில் படுத்தார், ஊர் முழுக்கப் படுத்துவிட்டார். மாடுகள் அவரைச் சுற்றி நின்று பார்த்தன.

மாட்டு டாக்டர் வந்து நாச்சக்கா காட்டில் நாடி பிடித்தார். ஒரே ஆள் என்பதால் மற்ற காடுகளுக்குப் போகவில்லை. மருந்து இவருக்குக் கேட்காது, கல்யாணம் செய்து வையுங்கள் என்றார். வேறு ரத்தம் குடும்பத்தில் சேர வேண்டும், பிள்ளைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி பிறந்தால் ஒன்றுக்கு ஆகாதது இன்னொன்றுக்கு ஆகும் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

வேறு கூட்டத்துப் பெண்ணைத் தேடினார்கள். பழைய புல்லையெல்லாம் எப்போதோ உழுதுவிட்டிருந்தார்கள். கடைசியில் பூவும் பழமுமாக எங்கள் வேலியோரக் கொழுக்கட்டைப் புல்லைப் பெண் பார்க்க வந்தார்கள்.

நான் எல்லாருக்கும் காபி கொடுத்துவிட்டு மயிலைக்குப் பின்னால் நின்றுகொண்டேன். பெண்ணுக்குப் பாடத் தெரியுமா என்றார்கள். காற்று அடித்தது, பாடினாள். நிறம் கொஞ்சம் மங்கல்தான், இடுப்பும் ஒடிசல், ஆனால் வெயில் தாங்குவாள் போல என்று நாச்சக்கா சொன்னாள். தாய்மாமன் யார் என்று கேட்டார்கள். வேலியில் படர்ந்திருந்த சங்குப்பூக் கொடியைக் காட்டினேன். எல்லாருக்கும் திருப்தி. பயறு, அவரை, சங்குப்பூ வகையில் மாமன் அமைவது நல்லது. வேரில் உரம் சேர்த்து, செய்வதை மண்ணுக்கடியில் செய்வார்கள், வெளியே சொல்லிக்காட்ட மாட்டார்கள்.

"அப்பறம் என்ன அம்மிணி, நாளைக்கே பொண்ணை வேரோட எடுத்துக்கறோம்" என்றாள் நாச்சக்கா.

வீட்டுக்குள் தாரணி பாலுக்கு அழுதாள். மயிலை என்னைத் திரும்பிப் பார்த்தாள். எங்களுக்காகப் பேச அங்கே வேறு யாரும் இல்லை. என் வீட்டுக்காரர் லாரியில் நாக்பூர் போயிருந்தார்.

"பொண்ணு எங்கயும் வராதுங்கக்கா" என்றேன். "மாப்பிள்ளைய இங்க அனுப்புங்க."

என் குரலை அன்றுதான் முதல்முறை கேட்கிறாள் நாச்சக்கா. "ஊமைன்னல்ல நெனச்சிருந்தேன்" என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள். பிறகு, அவர் இங்கே வந்துவிட்டால் ஊர் மாடுகள் எதைத் தின்னும் என்று கேட்டாள். அதற்குள் படுத்திருந்த நேப்பியர் எல்லாக் காட்டிலும் எழுந்து உட்கார்ந்து தலையாட்டிவிட்டார். மாப்பிள்ளையே சம்மதித்துவிட்டதால் வந்தவர்கள் தட்டை மாற்றிக்கொண்டார்கள்.

கல்யாணம் முடிந்து அவர் எங்கள் வேலியோரம் குடிவந்தார். காலையில் எல்லார் காட்டுக்கும் வேலைக்குப் போவார், பொழுது சாய்ந்ததும் வந்துவிடுவார். இருமல் இருந்தது, ஆனாலும் போனார். கார்த்திகை மழைக்குப் பிள்ளைகள் பிறந்தார்கள். ஒருத்தன் உயரம், ஒருத்தன் குட்டை. ஒருத்திக்கு உப்புத் தண்ணீர் பிடித்தது. ஒருத்தி கல்லில்தான் உட்காருவேன் என்றாள். தை மாதம் மறுபடி அந்த இருமல் வந்தபோது சிலர் படுத்தார்கள், மற்றவர்கள் நின்றார்கள். மாடுகள் நின்றவர்களிடம் போயின. மயிலை எப்போதும்போல வேலியோரமே மேய்ந்தாள், தாரணி குடித்துவிட்டுத் தூங்கினாள்.

விதை முற்றியதும் பேரப்பிள்ளைகள் வெளியூர் கிளம்பினார்கள். ஊர் வாசலில் பஸ் ஏறினார்கள். கண்டக்டர் எல்லாருக்கும் அரை டிக்கெட் கொடுத்தார். ஒருத்தி மட்டும் எந்த ஊர் என்று சொல்லக் கூச்சப்பட்டு, கடைசி நிறுத்தம் வரை போய் அதே பஸ்ஸில் திரும்பி வந்தாள். வந்தவளுக்கு முகம் கழுவிவிட்டு, தாரணியைக் கொஞ்சம் நகர்த்தி, தொட்டிலில் அவளுக்கும் இடம் போட்டேன்.