எதிர்ப்பக்கத்து முத்திரை

அப்பாவின் நெஞ்சில் அவருக்குப் பிடித்த புத்தகம் ஒன்றை வைக்கலாம் என்று அண்ணன் அரவிந்தன் சொன்னதால், கவிப்ரியா துக்கத்துக்கு வந்தவர்களை விலக்கிக்கொண்டு மாடி ஏறினாள். கீழே கூடத்தில் ஐஸ் பெட்டி முனகிக்கொண்டிருந்தது. குத்தாலத்துப் பண்ணை துரைராசு என்ற அவள் அப்பா சேர்த்து வைத்த பழைய நூல்களைப் பார்க்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்ததுண்டு. ஆனால் அவர் இருந்தவரை அந்த அலமாரிகளை வேறு யாரும் திறந்ததில்லை.

நூற்றெண்பது வருடங்களுக்கு முன் அச்சான வைத்திய நூலை எடுத்தாள். முதல் தாளில் ஒரு சதுரம் இல்லை. பூச்சி அரித்ததல்ல, பிளேடால் நறுக்கியது. தஞ்சாவூரில் நூலகராக இருக்கும் அவளுக்கு அது நூலக முத்திரை இருந்த இடம் என்று புரிய ஒரு நொடிகூட ஆகவில்லை. எதிர்ப்பக்கத்தில் அதன் மை வெளிறிய ஊதா வட்டமாக ஒட்டியிருந்தது. எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம்வலமாக மாறி இருந்தன. செல்போனில் படமெடுத்துத் திருப்பிப் பார்த்தாள். தருமபால வாசகசாலை.

அடுத்த நூலிலும் அதே சதுரம். அதற்கடுத்ததிலும்.

அந்த வாசகசாலையில் பழைய நூல்கள் காணாமல் போய் இருபது வருடமிருக்கும். அங்கே வேலை பார்த்து, சாவி வைத்திருந்த பஞ்சநதத்தின் மேல் பழி விழுந்தது. விசாரணை முடிவதற்குள் அவன் காவிரியில் பிணமாக ஒதுங்கினான். வாசகசாலைத் தலைவராக இருந்தவர் அப்பா. இன்னொரு சாவி அவரிடம் இருந்தது.

பஞ்சநதத்தின் மனைவி தனபாக்கியத்துக்கு ஒவ்வொரு தை அறுவடையிலும் அப்பா நெல் அனுப்பினார். மகன் சதீஷைப் படிக்க வைத்தார். தெய்வம் மாதிரி மனுஷன் என்றது ஊர். போன வாரம் ஜுரத்தில், "பஞ்சநதம் வாசல்ல நிக்கிறான், உள்ள விடாத" என்று அவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜுர வேகத்தில் பிதற்றுகிறார் என்று அவள் ஈரத்துணியால் நெற்றியைத் துடைத்துவிட்டாள்.

அண்ணன் மேலே வந்தான். அவள் படத்தைக் காட்டினாள். செல்போனை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"இத இன்னிக்குத்தான் பேசணுமா?"

"அந்தம்மா கீழ அப்பா தலமாட்டுல உக்காந்து அழுவுறாங்கண்ணே."

"அழுவட்டும். சதீஷ் இன்னிக்கு இன்ஜினியரு. அப்பா செய்ய வேண்டியதச் செஞ்சுட்டாரு. விடு."

புத்தகத்தை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு அவன் இறங்கிப் போனான். நெஞ்சில் வைக்க அவன் எதையும் எடுத்துப் போகவில்லை.

கவிப்ரியா தனபாக்கியத்தை மேலே அழைத்து வந்தாள். அழுது வீங்கிய முகத்தோடு அவள் கதவருகிலேயே நின்றாள். இந்த அறைக்குள் அவள் வந்ததே இல்லை. கவிப்ரியா தாளைக் காட்டினாள், படத்தைக் காட்டினாள், அப்பாவிடம் இருந்த சாவியைச் சொன்னாள். அவள் சொல்லி முடிக்கும்வரை தனபாக்கியம் கேட்டாள்.

"அப்ப எங்க வீட்டுக்காரரு எடுக்கலியா பாப்பா?"

"இல்லக்கா."

தனபாக்கியம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"ஊரு சொன்னதுகூடப் பரவாயில்ல. அவரு போன அன்னிக்குக் காலைல நானே கேட்டேன், எங்க கொண்டு போயி வித்தேன்னு. சோத்துல கைய வச்சவரு அப்படியே எந்திரிச்சுப் போனாரு."

வெளியே பறை வேகமெடுத்தது. "வாய்க்கரிசி போடுறவங்க வாங்க" என்று யாரோ குரல் கொடுத்தார்கள்.

தனபாக்கியம் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இறங்கி, பெண்களோடு வரிசையில் நின்றாள். "அவளும் போடட்டும், இந்த வீட்டு உப்பத் தின்னவ" என்று ஒரு கிழவி வழிவிட்டாள். தட்டிலிருந்து ஒரு பிடி அரிசி எடுத்துக்கொண்டு துரைராசுவின் முகத்துக்கு நேரே வந்து நின்றாள். பின்னால் நின்றவர்கள் காத்திருந்தார்கள்.

தனபாக்கியம் நகர்ந்தாள். பந்தலோரம் கிடந்த செருப்புகளில் தன்னுடையதைத் தேடி மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தாள். அரிசி இருந்த கை, முந்தானைக்குள் மூடியே இருந்தது.