வின்சென்ட் விழாத வளைவு

வினோத்குமாருக்குப் பிரான்சில் நாற்பத்திரண்டு கிராமங்கள் அத்துப்படி. எந்த ஊரில் தேவாலயத்துக்குப் பின்னால் பாதை இரண்டாகப் பிரியும், எந்த இறக்கத்தில் மழை பெய்தால் சக்கரம் வழுக்கும், மாட்டு வேலியை யாராவது திறந்து போட்டுவிட்டால் எந்தப் பண்ணைக்காரர் போன் செய்து திட்டுவார் என்பது வரைக்கும் சொல்வான். பிரான்சுக்குப் போனதில்லை. அது பெரிய குறையில்லை, அந்தக் கம்பெனியில் யாருமே போனதில்லை. பெரிய குறை, அவனுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது.

இதில் அவன் தப்பு ஒன்றும் இல்லை. கடலூர் தேவனாம்பட்டினத்தில் கடலை ஒட்டின தெருவில் பிறந்தவன். மணலில் சைக்கிள் உருளாது. முதலில் அப்பாவின் கட்டுமரத்தில் ஏறப் பழகினான், அப்புறம் டவுன் பஸ்ஸில் ஏறப் பழகினான். நடுவில் சைக்கிள் என்று ஒரு கட்டம் வரவே இல்லை. பிரெஞ்சு எடுத்தால் மார்க்கை அள்ளிப் போடுவார்கள் என்று யாரோ சொன்னதை நம்பிப் படித்தான். மார்க்கைப் போட்டார்கள், பாஷையும் ஒட்டிக்கொண்டது.

புதுச்சேரியில் ஒரு மாடியில் எட்டுப் பேர் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பிரான்சின் ஓவெர்ஞ் பக்கத்து மேட்டு நிலங்களில் மலைச் சைக்கிள் ஓட்ட வருகிறவர்களுக்கு ஒரு கம்பெனி வரைபடமும் ஒரு போன் நம்பரும் கொடுத்து அனுப்பும். வழி தவறினவர்கள் அந்த நம்பருக்கு அடிப்பார்கள். மணி இங்கே அடிக்கும். "வின்சென்ட் பேசுகிறேன், மதாம்" என்பான் வினோத்குமார். வழி கேட்கிறவருக்கு வினோத்குமார் என்று சொல்லி மேலும் குழப்பக் கூடாது என்பது கம்பெனியின் கருணை.

2006 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை ஓதில் என்ற பெண் அடித்தாள். வயது நாற்பத்தைந்து. வழி தவறவில்லை. ஒரு வளைவில் விழுந்து, மழையில், சேற்றில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பயணத்தை இரண்டு பேருக்காகப் பதிவு செய்தவர் அவள் கணவர், ஜூலையில் இறந்துவிட்டார். "என்னால் எழுந்திருக்க முடியவில்லை" என்றாள். அடி ஒன்றும் படவில்லை என்றும் சொன்னாள். அப்புறம் அழுதாள்.

ஒரு அழைப்புக்கு ஆறு நிமிஷம் என்பது கணக்கு. வினோத்குமார் நாற்பது நிமிஷம் பேசினான். பேச ஒன்றும் அகப்படாமல் போன முப்பதாவது நிமிஷத்தில், "அந்த வளைவில் நானும் விழுந்திருக்கிறேன், மதாம். முழங்காலில் இன்னும் தழும்பு இருக்கிறது. அன்றைக்கு நானும் எழுந்து ஓட்டிக்கொண்டுதான் போனேன்" என்று அடித்துவிட்டான். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு சைக்கிளை நிமிர்த்தும் சத்தம்.

அதன்பின் மெயில் எழுத ஆரம்பித்தாள். நாலாவது மெயிலில் தன் நிஜப் பெயரையும் ஊரையும் சொன்னான். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் தழும்பு? இந்தியாவில் இருக்கிறவன் ஓவெர்ஞ்சில் எப்படி விழுந்தான்? பொய்யைத் தனியாக விட்டால் பயந்துகொள்ளும் என்று இன்னொன்றைத் துணைக்கு அனுப்பினான். கம்பெனி பயிற்சிக்காக இரண்டு மாதம் அங்கே அனுப்பியதாம், தினமும் அறுபது கிலோமீட்டர் ஓட்டினானாம்.

2008 மாசியில் ஒரு மெயில் வந்தது. புதுச்சேரிக்கு வருகிறாள், ஒரு நாள் அவனோடு சேர்ந்து அவன் ஊர்ப்பக்கம் சைக்கிள் ஓட்ட வேண்டும். கடைசி வரியில், "அன்றைக்கு என்னை எழுப்பியது உங்கள் தழும்புதான்" என்று எழுதியிருந்தாள்.

அந்த வரியை அவன் ஏழெட்டு முறை படித்தான். கம்பெனிக்குத் தெரிந்து வேலை போனால் வேறு வேலை. இவளுக்கு உண்மை தெரிந்தால், அந்த மழை நாளில் எழுந்து நின்றதே ஏமாந்த கதையாகிவிடும். அவள் வருவதற்குள் சைக்கிள் பழகிவிடுவது என்று முடிவு செய்தான்.

அவன் மனைவி இளமதி முதுநகர்க்காரி, பத்தாவது வரை பள்ளிக்குச் சைக்கிளில் போனவள். பக்கத்து வீட்டுச் சைக்கிளை இரவல் வாங்கி, விடியற்காலை சில்வர் பீச் ரோட்டுக்கு அவனை ஓட்டிக்கொண்டு போனாள். வாக்கிங் வந்தவர்களுக்கு ஒன்பது நாள் நல்ல பொழுதுபோக்கு.

"மாமா, ஹேண்டில புடிச்சித் தொங்காத. அது பஸ் கம்பி இல்ல."

"வுட்டுடாதடி!"

"வுட்டு ரொம்ப நேரம் ஆவுது. பேசாம முன்னாடி பாரு."

அதைக் கேட்டதும் விழுந்தான். முழங்கால் தோல் உரிந்து ரத்தம் வந்தது. ரோட்டில் உட்கார்ந்தபடி சிரித்தான்.

"லூசா மாமா நீ? ரத்தம் ஊத்துது, பல்லக் காட்டுற."

"தழும்பு ஆவும்ல?"

"ஆவும். ஆனா போன வாரத்துக் காயம் ரெண்டு வருசத்துத் தழும்பாட்டம் இருக்குமா? நேராச் சொல்லித் தொலையேன் அந்தம்மாகிட்ட."

"சொல்ல முடியாதுடி."

"அப்ப எந்திரி. மிதி."

ஒன்பதாவது நாள் நேராக ஓட்டினான். ஏறுவதற்கு ஒரு கல்லோ மதகோ வேண்டும். இறங்குவதற்கு இளமதி வேண்டும். இரண்டும் தற்காலிகக் குறைகள் என்று முடிவு செய்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை காட்டுமன்னார்கோயில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில், கூரையில் இரண்டு மலைச் சைக்கிள்களோடு ஒரு கார் வந்து நின்றது. ஓதில் இறங்கி, அவன் இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்தாள். சிதம்பரம் பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே பக்கத்துக்குச் சாய்ந்தார்கள்.

"ன்னா மச்சான், நமக்கெல்லாம் கெடயாதா?" என்றது ஒரு ஜன்னல்.

கார் சிதம்பரத்துக்குப் போய்க் காத்திருக்கும், இவர்கள் உள்பாதையாக ஓட்டிக்கொண்டு போய்ச் சேர வேண்டும் என்று ஏற்பாடு. மலைச் சைக்கிளில் ஸ்டாண்டு, மட்கார்டு, மணி ஒன்றும் இல்லை. இவ்வளவு இல்லாததற்கு எதற்கு இவ்வளவு விலை என்று நினைத்துக்கொண்டே, பக்கத்துக் கடை வாசல் கல்லில் காலை ஊன்றி ஏறினான்.

வீராணம் ஏரிக்கரையில் காற்று நன்றாக இருந்தது. ஓதில் கொக்கைக் காட்டினாள், நாரையைக் காட்டினாள். "அழகு, மதாம், மிக அழகு" என்றான், முன்னால் இருந்த ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல். டீக்கடை வந்தது. "நிறுத்தலாமா?" என்றாள். "அடுத்த கடையில் நன்றாக இருக்கும்" என்றான். அடுத்த கடையும் போயிற்று. மூன்றாவது கடையை இருவரும் தாண்டியபோது, "உங்களுக்குக் களைப்பே வராதா?" என்று கேட்டாள். உண்மையான மரியாதையோடுதான் கேட்டாள். அவன் நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது.

கரையை விட்டு இறங்கிக் கிழக்கே திரும்பினார்கள். ஒரு ஊருக்கு வெளியே தார் ரோடு முழுக்க உளுத்தஞ்செடியைப் பரப்பியிருந்தார்கள். அந்தப் பருவத்தில் அங்கே ரோடுதான் களம், போகிற வண்டிகள்தான் உளுந்து அடிக்கும் ஆட்கள். சாப்பாட்டுப் பொருள் மேல் ஏற்றுவதா என்று ஓதில் பிரேக் பிடித்து இறங்கிவிட்டாள். இறங்கத் தெரிந்தவள், இறங்கினாள். இவன் உள்ளே போனான். காய்ந்த செடி சக்கரத்தில் சுற்ற, சைக்கிள் ஒரு பக்கமும் அவன் ஒரு பக்கமுமாகப் போய் விழுந்தார்கள்.

விளக்குமாறோடு இருந்த இரண்டு பெண்கள் ஓடி வந்தார்கள். பெரியவள் பட்டம்மாள், இன்னொருத்தி செல்லாயி.

"அடி பட்டுச்சாய்யா?"

"இல்லக்கா."

இல்லை என்று தெரிந்ததும் அக்கறை தீர்ந்தது. "ஓட்டத் தெரியாத ஆளுக்கு இம்மாம் பெரிய டயரு எதுக்கு?" என்றாள் பட்டம்மாள்.

"டிராக்டர் வரும்னு பாத்தா இது வந்து கவுந்து கெடக்குது" என்றாள் செல்லாயி. "நம்ம பழனி புள்ள ஆறு வயசு, இத வுட சோக்கா ஓட்டுது."

இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். ஓதிலும் கூடச் சிரித்தபடி, "என்ன சொல்கிறார்கள்?" என்றாள்.

நல்வரவு சொல்கிறார்கள் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. ஆனால் உளுத்தங்காய்களுக்கு நடுவே மல்லாந்து கிடக்கும்போது புதிதாகப் பொய் கட்டத் தெம்பு வேண்டியிருக்கிறது.

"எனக்கு ஓட்டத் தெரியவில்லை என்கிறார்கள், மதாம்."

"விளையாட்டுக்கா?"

"இல்லை. நிஜமாகவே தெரியாது. பத்து நாளாகத்தான் பழகுகிறேன். பிரான்சுக்கு வந்ததே இல்லை."

அவள் சிரிப்பு நின்றது. "அந்தத் தழும்பு?"

பேன்ட்டை மடித்துக் காட்டினான். "இது போன வாரத்தது."

ஓதில் அதைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். "அதை நம்பித்தான் நான் எழுந்தேன்" என்றாள், குரலை உயர்த்தாமல். சைக்கிளைத் தூக்கிக்கொண்டு செடியைச் சுற்றி ஓரமாக நடந்து, அந்தப் பக்கம் ஏறிப் போய்விட்டாள்.

வினோத்குமார் எழுந்து தூசி தட்டினான். ஏறக் கல் தேடினான். கல் இல்லை.

"அக்கா, செத்த புடிச்சி வுடுங்களேன்."

"நாங்க புடிச்சி வுட்டுருவோம். நீ எங்க போயி நிப்ப?" என்றாள் பட்டம்மாள். "கோவத்துல போவுது அந்தப் பொண்ணு. நடந்தே போ. நடந்து வர்றவனப் பாத்தா கோவம் கொஞ்சம் கொறயும்."

தள்ளிக்கொண்டு நடந்தான். ஒரு கிலோமீட்டர் இருக்கும். வெயில் ஏறிவிட்டது. கார்க்காரனின் நம்பர் அவளிடம் இருக்கிறது, கூப்பிட்டுக்கொண்டு போயிருப்பாள், இனி மெயில் வராது என்று ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டே போனான்.

ரோடு இரண்டாகப் பிரியும் இடத்தில் ஓதில் நின்றிருந்தாள். தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். அவன் பக்கத்தில் வந்த பிறகும் வயலைத்தான் பார்த்தாள்.

"எந்தப் பக்கம்?"

"தெரியாது, மதாம். இந்தப் பக்கமெல்லாம் நான் பஸ்ஸில்தான் வந்திருக்கிறேன். இங்கே பஸ் வராது."

அவள் வயலிலிருந்து கண்ணை எடுத்து அவனைப் பார்த்தாள்.

"அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னீர்கள்?"

"நீங்கள் அழுதுகொண்டிருந்தீர்கள். சொல்ல என்னிடம் வேறு எதுவும் இல்லை."

"போனை வைத்திருக்கலாமே."

"வைத்திருக்கலாம்" என்றான். "ஆனால் நீங்கள் இன்னும் எழுந்திருக்கவில்லை."

அவள் பாட்டிலை மூடினாள். பிறகு அதைத் திறந்து அவனிடம் நீட்டினாள். "அடுத்த முறை எனக்குத் தெரியாது என்று சொல்லுங்கள். இப்போது சொன்ன மாதிரி."

"சரி."

"அந்த மூன்று டீக்கடைகள். இறங்கத் தெரியாததால்தானா?"

"ஆமாம்."

அவள் கொஞ்சம் சிரித்துவிட்டாள். சிரித்ததற்குத் தன் மேலேயே கோபம் வந்தவள் போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஓதிலுக்கு ஊரில் தபால்காரி வேலை. பதினெட்டு வருஷமாக ஒரு நாளைக்கு இருநூறு வாசலில் சைக்கிளை விட்டு இறங்கி ஏறுகிறவள். எப்படி இறங்குவது என்று காட்ட ஏறி நாலடி ஓட்டி, வலது காலைப் பின்னால் சுழற்றி, சக்கரம் நிற்கும் முன்பே தரையில் வைத்தாள். மறுபடி ஏறினாள். மறுபடி இறங்கினாள். "உங்கள் முதல் வீடு அது, அங்கே இறங்குங்கள்" என்று இடது பக்கப் பாதையில் ஒரு கீற்று வீட்டைக் காட்டினாள். "வழியும் கேட்டுவிடலாம்." அவன் ஏறும்வரை சீட்டைப் பிடித்துக்கொண்டாள்.

வேலியில் மோதிப் பாதியும் காலை ஊன்றிப் பாதியுமாக இறங்கினான். உள்ளேயிருந்து ஒரு ஆள் துண்டை உதறிக்கொண்டு வந்தார்.

"யாருப்பா? இன்னா வேணும்?"

"சிதம்பரத்துக்கு வழி கேக்கலாம்னு, மாமா."

"இப்பிடியே போ. நேரா." அவர் ஓதிலைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார். "இத ரோட்டுல இருந்தே கேக்கக் கூடாதா?"

"கேக்கலாம். எறங்கிப் பழகுறேன்."

"எறங்கிட்ட இல்ல? அப்ப ஏறு" என்றார் அவர், சைக்கிளின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு. அடுத்த வீடு நூறடி தள்ளி இருந்தது.