சுபத்திரா ரீச்சர் கொண்டுவந்த நிறுவல்

கணிதத்துக்காக உயிரை விடுகிறவர்கள் என்று மன்னார் மாவட்டத்தில் நாங்கள் நாலு பேர்தான் இருந்தோம். சண்டை முடிந்து மீளக் குடியேறிய பிறகு, மாதத்தில் ஒரு சனிக்கிழமை அடம்பனில் ஒரு ரியூசன் கொட்டிலில் கூடுவோம். தலைவர், செயலாளர் என்ற சள்ளை ஒன்றும் இல்லை. ஒருவர் ஒரு தேற்றத்தை நிரூபிக்கும் தன் நிறுவலைக் கரும்பலகையில் எழுத வேண்டும். மற்றவர்கள் அதில் பிழை பிடிக்க வேண்டும்.

பிழை பிடிப்பதில் நான் பேய். விடத்தல்தீவு எமில் மாதக்கணக்கில் மினைக்கெட்டுக் கொண்டுவந்ததை இரண்டாம் வரியிலேயே கவிழ்த்தேன். "அமிர்தநாயகம் சேருக்கு ஈவிரக்கமே இல்லை" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். சொல்லட்டுமே! இரக்கம் பார்த்துச் செய்தால் அது கணக்கா?

அன்று சுபத்திரா ரீச்சரின் முறை. எங்களில் கெட்டிக்காரி அவர்தான்; அவருக்கு முன்னால் நான் அதைச் சொன்னதில்லை. வெண்கட்டியைக் கையில் எடுத்தவர் எழுதாமல் நின்றார்.

"இண்டைக்கு என்ர மனுசனைப் பற்றி. அவர் இப்ப உயிரோட இல்லை எண்டு நிறுவியிருக்கிறன். பிழை கண்டுபிடியுங்கோ."

அவர் கணவர் சுபாஸ்கரன் சண்டையின் கடைசி நாட்களில் இராணுவத்திடம் சரணடைந்தவர். அவர்களுடைய பஸ்ஸில் ஏறியதை ரீச்சர் தன் கண்ணால் கண்டவர். அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை. முகாம், சிறை, அரசாங்கக் கந்தோர் என்று ரீச்சர் ஏறாத படி இல்லை.

"வேண்டாம் ரீச்சர்" என்றார் எங்களில் நாலாமவரான அப்துல் றசாக்.

"ஏன் சேர்? கேதீஸ்வரத்தில நேர்த்தி வையுங்கோ, வருவார் எண்டு சனம் சொல்லுது. சாத்திரியும் வருவார் எண்டுதான் சொல்லுறான். எனக்கு அந்தக் கதை கேட்டது காணும். ஒரு பிழை காட்டுங்கோ, சாகும்வரைக்கும் அவரைப் பாத்துக்கொண்டு இருப்பன்."

எழுதத் தொடங்கினார். உயிரோடு இருந்தால் சுபாஸ்கரன் ஏதோ ஓரிடத்தில் இருக்க வேண்டும். ஒவ்வோர் இடத்திலிருந்தும் விடுதலையாகி வந்தவர்களை ரீச்சர் வீடுவீடாகத் தேடிப்போய் விசாரித்திருந்தார். அவர் அங்கே இருந்தும் அத்தனை பேரின் கண்ணிலும் படாமல் போவதற்கு நிகழ்தகவு என்ன? வரிக்கு வரி அந்த எண் சிறுத்துக்கொண்டே போனது.

"கண்ட ஆக்கள் மறந்திருக்கலாம்" என்றார் றசாக்.

"அரைவாசிப் பேர் மறந்திட்டினம் எண்டுதான் எடுத்திருக்கிறன் சேர்."

எமில் துள்ளி எழும்பினான். "ஒருத்தருமே வெளியில வராத இடம் ஒண்டு இருந்தால்? அதை நீங்கள் கணக்கில எடுக்கேல்லையே!"

அப்படிப் போடடா என்று மனதுக்குள் கத்தினேன்.

"எடுத்தனான் எமில். கடைசி வரியைப் பாருங்கோ. ஒருத்தரும் திரும்பி வராத இடத்தில ஒரு மனுசன் எத்தினை வருசம் உயிரோட இருப்பார்? நீங்களே ஒரு பெறுமதி தாங்கோ, போட்டுப் பாப்பம்."

எமில் கடைசி வரியை வாசித்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்தான்.

ரீச்சர் என் பக்கம் திரும்பினார். "சேர், நீங்கள் விடமாட்டியள். சொல்லுங்கோ."

மேலிருந்து கீழே வாசித்தேன். திரும்பவும் வாசித்தேன். மாதாவே, ஒரு குறியாவது மாறி விழுந்திருக்கக் கூடாதா! அந்தக் கொட்டிலில் இவ்வளவு சுத்தமான நிறுவலை ஒருவரும் எழுதியதில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யாரைப் பிடித்துத் திட்டுவதென்றுதான் தெரியவில்லை.

"மூண்டாம் வரி" என்றேன். "அது அவ்வளவு சரியில்லைப் போல கிடக்கு, பிள்ளை. ஆறுதலா யோசிப்பம்."

ரீச்சர் மூன்றாம் வரியைப் பார்க்கவே இல்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வெண்கட்டியை மேசையில் வைத்தார்.

"மூண்டாம் வரி சரி, சேர். உங்களுக்கும் அது தெரியும்." குரல் உடைந்தது. "நீங்கள் ஒருநாளும் என்னைப் பிள்ளை எண்டு கூப்பிட்டதில்லை. அப்ப அவர் இல்லை, என்ன?"

ரீச்சர் கதிரையில் உட்கார்ந்து, எங்கள் மூன்று பேருக்கும் முன்னால், ஓவென்று அழத் தொடங்கினார்.