காப்பி எந்திரத்துக்குப் பல் மாற்றிய கதை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தலை வழுக்கிப்போன ஒரு திருகாணியிலிருந்து வந்தது. எங்கள் வீட்டில் காப்பிக்கொட்டை அரைக்கும் எந்திரத்துக்குள் மூன்று திருகாணிகள் உண்டு. இரண்டு கழன்றன. மூன்றாவது அசையவில்லை. அதைப் பார்த்தபடி சமையலறைத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தபோதுதான் இதை எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது.

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

"எந்திரத்தின் வயிற்றைப் பிளந்தபோது உள்ளே ஒன்பது வருடத்துத் தூள்..." (விட்டுவிட்டேன். வயிற்றைப் பிளப்பதெல்லாம் துப்பறியும் கதைக்காரர்கள் பாடு.)

"என் மனைவிக்கு மூக்கு..." (இருக்கிறது, ஆனால் வேலை செய்யவில்லை என்று முடிக்க மனம் வரவில்லை.)

"ஏணியை நான்..." (இதற்குக் கடைசியில் வருகிறேன். கட்டாயம் வருகிறேன்.)

இன்னொன்று. நான் எழுதுவதை முதலில் படிப்பவள் என் மனைவி. இந்த முறை ஓரத்தில் அவள் எழுதியதை அப்படியே விட்டிருக்கிறேன். சதுர அடைப்புக்குள் வருவதெல்லாம் அவளுடையது. வளைந்த அடைப்புக்குள் புலம்புவது நான்.

2

அவள் ஒரு மருத்துவமனையின் மருந்தகத்தில் மருந்தாளுநர். மில்லிகிராமில் யோசிப்பவள். வீட்டில் எஸ்பிரஸ்ஸோ என்ற கெட்டிக் காப்பி போடுவது அவள் பொறுப்பு, குடிப்பது என் பொறுப்பு. சின்னத் தராசில் பதினெட்டு கிராம் கொட்டை. காப்பி இறங்க இருபத்தெட்டு விநாடி. கோப்பையில் தாரை எலிவால் மாதிரி இறங்க வேண்டும். இல்லாவிட்டால் அன்றைக்கு முழுக்க அவள் முகம் சரியாக இருக்காது.

எந்திரத்துக்குள் எதிரெதிராக இரண்டு எஃகு வட்டுகள் இருக்கின்றன. வட்டு முழுக்கப் பற்கள். விற்பவர்கள் அதற்கு வேறு பெயர் சொல்கிறார்கள், எங்கள் வீட்டில் அது பல்தான். பல் மழுங்கினால் பாதி மாவாகவும் பாதி குருணையாகவும் வரும், காப்பி ஒரே வாயில் கசக்கவும் புளிக்கவும் செய்யும். போன வருடம் முழுக்க அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்: "இதுக்குப் பல்லு போயிடுச்சுங்க. அரைக்கல, மென்னு துப்புது. நல்லதா ஒரு செட் மாத்தணும்."

மாற்றவில்லை. அதற்குள் ஒரு சனிக்கிழமை, திரைச்சீலை மாட்ட ஏணியில் ஏறியவள் விழுந்துவிட்டாள். பின்மண்டையில் அடி. மூன்று தையல். "ஸ்கேன்ல உள்ள ஒண்ணும் இல்லையாம்" என்று அவள் தங்கை எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்னாள். "உங்க அத்தான் பதினாலு வருஷமா அதைத்தானேடி சொல்றாரு" என்று கட்டிலில் படுத்தபடியே இவள் சிரித்தாள்.

நான்கு நாள் கழித்து அடுப்பில் பால் தீய்ந்தது. அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். புகை கண்ணில் பட்ட பிறகுதான் அணைத்தாள். அப்புறம் பூண்டை நசுக்கி மோந்தாள். தைலத்தைத் திறந்து மோந்தாள். மண்ணெண்ணெய்ப் புட்டியைக்கூட மோந்தாள். ஒன்றுமில்லை. மூக்கிலிருந்து மூளைக்குப் போகும் நூல் நரம்புகள் அடியில் அறுந்திருக்கலாம், திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர்.

வாசனை போவது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொண்டேன். எரிவாயு அடுப்பின் குமிழை மூன்று முறை தொட்டுப் பார்த்த பிறகே வெளியே கிளம்புவாள். வேலைக்குப் போகும்முன், "என் மேல நாத்தம் அடிக்குதா? உண்மையச் சொல்லுங்க" என்பாள். நாளுக்கு இரண்டு தடவை குளித்தாள். ஒருநாள் என் பக்கம் திரும்பிப் படுத்துச் சொன்னாள்: "பக்கத்துல படுத்திருந்தா யாரோ மாதிரி இருக்கீங்க."

[ரெண்டு தடவை இல்ல, மூணு தடவை. மருந்தாளுநரைப் பத்தி எழுதினா எண்ணிக்கை சரியா இருக்கணும்.]

காப்பி போடுவதை நிறுத்திவிட்டாள். எந்திரத்தின் மேல் ஒரு துண்டைப் போர்த்தினாள். காலையில் இரண்டு பேரும் தேநீர் என்ற பெயரில் சூடாக ஏதோ குடித்தோம்.

3

ஆறாவது மாதம் அவளுக்குச் சொல்லாமல் புதுப் பற்களுக்குச் சொல்லி அனுப்பினேன். பழையதைவிட உயர்ந்த ரகம், எங்கள் எந்திரத்தில் உட்காரும் அளவு. ஏன் வாங்கினேன்? புதுப் பல் போட்டால் வாசனை நன்றாக எழும், எழுந்தால் அவள் மூக்குக்குள் ஏதாவது... (இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. முட்டாள்தனமான ஆசைக்குப் பயனிலை அமைவதில்லை.)

எனக்குக் கைவேலை வராது. ஆகவே சகலையைக் கூப்பிட்டேன்.

இங்கே ஒரு சிக்கல். என் சகலை, அதாவது மனைவியின் தங்கை கணவர், செயற்கைப் பல் செட் செய்பவர். பல்லைப் பற்றிய கதையில் பல் செய்பவரே வந்து நின்றால் யார் நம்புவார்கள்? முதல் பிரதியில் அவரை லிஃப்ட் மெக்கானிக் ஆக்கினேன். லிஃப்ட் மெக்கானிக் நான் எழுதிய எதையும் செய்ய மறுத்தார், சும்மா வந்து நின்றார். திரும்பப் பல்காரராகவே ஆக்கிவிட்டேன். நம்பாவிட்டால் போங்கள்.

4

ஞாயிறு காலை அக்காளும் தங்கையும் துணி எடுக்கப் போனார்கள். இரண்டு மணி நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டோம். சகலை தன் பெட்டியோடு வந்து இறங்கினார்.

"நோயாளி எங்க?" என்றார்.

துண்டை எடுத்தேன். மேல்மூடியைத் திருகிக் கழற்றியதும் உள்ளே கறுப்பாக, எண்ணெய்ப் பிசுக்கோடு பழைய தூள். அவர் நகத்தைப் பல்லின்மேல் ஓட்டிப் பார்த்தார். வழுக்கிக்கொண்டு போனது. புதிய வட்டில் ஓட்டினார். நகத்தைச் சீவிவிட்டது. "அடேயப்பா, என் மாமியார் பல்லு மாதிரி இருக்கு" என்றார். எனக்கும் அவரே மாமியார் என்பதால் நான் சிரிக்கவில்லை.

(சிரித்தேன்.)

மூன்றாவது திருகாணியில் மாட்டிக்கொண்டோம். நான் அவசரப்பட்டு அழுத்தித் திருகியதில் தலை வழுக்கிவிட்டது.

"சகலை, நீங்க கதை எழுதுங்க. இதுல கை வைக்காதீங்க" என்று என்னை நகர்த்திவிட்டு, பல் ராவும் சின்ன மோட்டாரை எடுத்து அந்தத் தலையில் ஒரு கோடு வெட்டினார். பொறி பறந்தது. தட்டைத் திருப்புளியை வைத்தார். ஒரு கிறீச். கழன்றுவிட்டது.

புது வட்டுகளை உட்கார வைத்ததும், பல் செட் போட்டவர்களை "கடிச்சுப் பாருங்க" என்று சொல்லி வாயில் வைக்கும் நீலக் காகிதத்தைக் கிழித்து இரண்டு வட்டுகளுக்கும் நடுவில் வைத்தார். கையால் சுற்றினார். ஒரு பக்கம் மட்டும் நீலம் பட்டிருந்தது. "கடி கோணலா இருக்கு" என்றார். கீழே ஒரு துண்டு அலுமினியத் தாளைச் சொருகி, மறுபடி சுற்றினார். நான்காவது முறை நீலம் ஒரே சீராக வட்டமாகப் பதிந்தது. அவர் முகத்தில் தெரிந்த திருப்தியை எழுத எனக்குத் தெம்பில்லை.

மேல்மூடியை மாட்டுகிறேன் என்று நான் அடம்பிடித்த நேரத்தில் வாசற்கதவு திறந்தது.

5

கடை மூடியிருந்ததாம். நாங்கள் இரண்டு பேரும் தரையில், சுற்றிலும் தூள், நடுவில் மூடி திறந்த எந்திரம்.

"என்ன ஆபரேஷன் இது?" என்றாள் என் மனைவி. பிறகு புதுப் பற்கள் வந்த பெட்டியைப் பார்த்தாள். குரல் மாறிவிட்டது. "எனக்காகவா?"

பெட்டியை என் முதுகுக்குப் பின்னால் தள்ளினேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியும்ல? குருடிக்கு யாராச்சும் புதுக் கண்ணாடி வாங்கித் தருவாங்களா?"

சகலை எழுந்து தன் மனைவியைக் கூட்டிக்கொண்டு பால்கனிப் பக்கம் போனார். நான் கையிலிருந்த மேல்மூடியைத் திருகிக்கொண்டே இருந்தேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. அது கோணலாக ஏறி, பாதியில் இறுகியது.

"ஐயோ, மரையைக் கெடுக்கறீங்க! விடுங்க, விடுங்க அதை."

தோள்பையைக்கூடக் கழற்றாமல் என் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தாள். மூடியைப் பின்பக்கமாகச் சுற்றினாள். ஓரிடத்தில் மரை மரையில் விழும் 'டக்' கேட்டது. அங்கிருந்து முன்னால் திருகினாள். வெண்ணெய் மாதிரி ஏறியது. எந்திரத்தை ஓடவிட்டு, காதை வைத்துக்கொண்டு மூடியின் அளவுக்கோடுகளில் ஒவ்வொரு கோடாக இறுக்கினாள். பல்லோடு பல் உரசும் மெல்லிய கிர்ர் வந்ததும் நிறுத்தி, கொஞ்சம் பின்வாங்கினாள்.

"புதுப் பல்லு. முதல்ல பழைய கொட்டையைப் போட்டு ஓட்டணும். எடுத்துட்டு வாங்க."

அரைக் கிலோ ஓட்டினோம். கடைசியில் பதினெட்டு கிராம் நிறுத்தாள். தூளை விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தாள். "ம்" என்றாள். அந்த 'ம்'மை ஆறு மாதமாக நான் கேட்கவில்லை.

எலிவால் இறங்கியது. கோப்பையை என்னிடம் நீட்டினாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"நல்லா இருக்குன்னா?"

எழுத்தாளன் நான். யோசித்தேன். "ரொம்ப நல்லா இருக்கு."

"சூடாவும் இருக்கு" என்றார் உள்ளே வந்த சகலை.

அவள் ஒரு வாய் குடித்தாள். நாக்கு மட்டும் சொன்னதைச் சொன்னாள்: "கசப்பு கம்மி. புளிப்பு இருக்கு. அவ்வளவுதான்." கோப்பையைக் கழுவி வைத்தாள். ஆனால் துண்டை எடுத்துத் துவைக்கப் போட்டுவிட்டாள். மறுநாள் காலை எந்திரத்தின் சத்தத்தில்தான் நான் எழுந்தேன்.

6

ஏணி.

ஏணியை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போது வேறொரு கதைக்கான வாக்கியம் ஒன்று வந்தது. மறந்துவிடுமோ என்று, 'இதோ வரேன்' என்றுகூடச் சொல்லாமல் அடுத்த அறைக்குப் போய் அதை எழுதினேன். முற்றுப்புள்ளி வைத்தபோது சத்தம் கேட்டது. போன் வந்தது, எடுக்கப் போனேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். அவளிடமும் அதைத்தான் சொன்னேன். நேரில் சொல்லத் துணிவில்லாமல் இங்கே எழுதியிருக்கிறேன்.

இந்தப் பக்கத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு, குப்பையைக் கொட்டும் சாக்கில் கீழே போனேன். குப்பை அவ்வளவு இல்லை. நான்கு மாடியையும் மெதுவாக ஏறி வந்தேன்.

[தெரியும். நான் கீழ கிடந்தப்போ ஓடி வந்தீங்க. கையில பேனா, மூடி வாயில. போன் பேசறவன் பேனா மூடியைக் கடிச்சுக்கிட்டா பேசுவான்? எப்ப சொல்வீங்கன்னு இத்தனை மாசமா பாத்துட்டு இருந்தேன். கோவம் இருந்துச்சு. இல்லைன்னு எழுதிடாதீங்க. இப்பவும் கொஞ்சம் இருக்கு. அது என்ன வாக்கியம்?]

சொன்னேன்.

"இதுக்கா?" என்றாள். நாற்காலியில் சாய்ந்து கூரையைப் பார்த்தாள். பிறகு என் தோளில் ஒன்று போட்டாள். விளையாட்டாக அல்ல, வலித்தது. பிறகு அதே இடத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். அழுதாளா சிரித்தாளா என்று சட்டைக்குத்தான் தெரியும். (வாக்கியத்தை உங்களுக்குச் சொல்ல மாட்டேன். வெட்கமாக இருக்கிறது.)

7

முடிவுகள் இரண்டு எழுதி வைத்திருந்தேன்.

முதலாவது: ஒரு காலையில் காப்பி மணம் அவளை எட்டுகிறது, அவள் கண்கள் நிறைகின்றன.

[பொய்.]

இரண்டாவது: வாசனை திரும்பவே இல்லை, ஆனால் அன்பு போதுமானதாக இருக்கிறது.

[இது அதைவிடப் பொய். எனக்கு மூக்கு வேணும்.]

8

போன வியாழக்கிழமை காலை நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"என்னங்க! சீக்கிரம் வாங்க!"

ஓடினேன். அவள் அரைத்த தூள்மேல் குனிந்திருந்தாள்.

"நாறுது."

"என்ன நாறுது?"

"காப்பி! ரப்பர் தீயற மாதிரி... இல்ல, செத்த எலி... ஐயோ, கொமட்டுதுங்க!" சொல்லிவிட்டு மறுபடி மோந்தாள். ஓங்கரித்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி மோந்தாள். கன்னமெல்லாம் நனைந்திருந்தது. "நாறுதுங்க! நிஜமா நாறுது!"

தங்கைக்குப் போன் போட்டு, "காப்பி நாறுதுடி!" என்று கத்தினாள். ஐந்து நிமிடத்தில் சகலை என்னைக் கூப்பிட்டார். "சகலை, கடி சரியாத்தானே வச்சோம்? பழியை என் மேல போடாதீங்க."

நரம்பு வளரும்போது வாசனைகள் இப்படித் தாறுமாறாகத் தெரிவதுண்டு, நல்ல அறிகுறிதான் என்றார் டாக்டர். சரியாகுமா என்று கேட்டோம். சொல்ல முடியாது என்றார்.

பழைய தமிழில் நாற்றம் என்றால் நறுமணம் என்று வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவளுக்குச் சொன்னேன். "உங்க பழைய தமிழை வந்து இதை மோந்து பாக்கச் சொல்லுங்க" என்றாள்.

இப்போது தினமும் காலையில் இரண்டு கோப்பை போடுகிறாள். தன்னுடையதை மோந்து, முகத்தைச் சுளித்து, என் பக்கம் தள்ளிவிடுகிறாள். இரண்டையும் நானே குடிக்கிறேன். நாளை அந்தக் கோப்பையிலிருந்து அவளுக்கு என்ன எழும் என்பதை நான் எழுதப்போவதில்லை. எனக்குத் தெரியாது. உங்களுக்கு ஆசையாக இருந்தால் இதற்குக் கீழே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவள் படிப்பாள், பார்த்து எழுதுங்கள்.

[இன்னிக்கு எலி இல்ல. ரப்பர் மட்டும். கம்மியாச்சா, பழகிப்போச்சான்னு தெரியல. எழுதினது போதும், காப்பி ஆறுது, வாங்க.]